வெயிலில் நின்றவள்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கதிரையின் முதுகில் கையை வைத்து, கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி வழவழப்பான முகத்தோடு நிற்கிறாள். யாராவது கேட்டால், அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அக்காவின் முகம் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை.

சின்ன வயதில் அம்மை போட்டு, அக்காவின் இரண்டு கன்னங்களிலும் தழும்பு தங்கிவிட்டது. அவள் மடுல்கெல்லையில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நான் தோட்டக் கந்தோரில் கிளாக்கர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கெலிஓயாவில் ஒரு வாத்தியாருக்குப் பெண் தேடியவர்கள் படம் அனுப்பச் சொன்னார்கள். அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்துவிட்டு, பலகாரத்தை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டுப் போனவர்கள். ஸ்டூடியோக்காரர் அம்மாவின் மனதைப் புரிந்துகொண்டவர். படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் மெல்லப் பென்சிலை ஓட்டித் தழும்புகளை மறைத்துவிட்டார். அக்கா படத்தைப் பார்த்து, "இந்தப் புள்ளைய நான் பாத்ததே இல்லையே" என்று மேசையில் வைத்தாள். இதை அனுப்புவதானால் கலியாணமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாக வேண்டும். இந்த இடமும் தவறிவிடுமோ என்று அம்மா சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

நான் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரிடம் ஒரு பெட்டிக் கமராவை இரவல் வாங்கினேன். ஆண்டுப் பிறப்புக்குப் பிந்திய குளிர், காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். புறப்படும்போது அம்மா என்னைக் கதவோரம் இழுத்து, "மூடுபனி இருக்கும்போதே எடுத்துரு தம்பி. வெயில் வர்ற வரைக்கும் நிக்காத" என்றார். பென்சில் செய்த வேலையைப் பனி செய்யட்டும் என்பது அவர் யோசனை. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

தேயிலைக்கு நடுவே மலைப்பாதையில் ஏறினோம். பனி திரண்டு நின்ற இடமாகப் பார்த்துப் பார்த்து அக்காவை நிறுத்தினேன். என் விரல் விறைத்து விசை அமுங்க மறுத்தது. அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டுக்குள் அவளும் நடுங்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்தவள், "அம்மா சொல்லித்தானே என்னயப் பனிக்குள்ளயே நிறுத்துற?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மேலே நடந்தாள். மலை உச்சியில் வெயில் விழுந்திருந்தது. அதில் போய் நின்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். "இப்ப எடு தம்பி. புடிச்சா வரட்டும். இல்லாட்டி நாம குளிர் காஞ்சுட்டுப் போவோம்" என்று சிரித்தாள். அப்படியே எடுத்தேன்.

படங்கள் கழுவி வந்தன. பனியில் எடுத்தவை எல்லாம் முகமா முட்டைக்கோசா என்று தெரியாத வெள்ளை. வெயிலில் எடுத்ததில் ஒவ்வொரு தழும்பும் தெரிந்தது, சிரிப்பும் தெரிந்தது. அக்கா அதை உறையில் போட்டு அம்மாவிடம் ஒட்டக் கொடுத்தாள். ஒட்டுமுன் அம்மா ஸ்டூடியோ படத்தையும் உள்ளே செருகிவிட்டது எங்களுக்குத் தெரியாது.

பதில் எதுவும் வரவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய கையோடு, வாத்தியாரே தன் தாய்மாமாவோடு வந்து நின்றார். அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு படங்களையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு பொண்ணுங்க படமும் அனுப்பியிருந்தீங்க. யாரு மூத்தவங்கன்னு தெரியல" என்றவர், வெயில் படத்தை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நான் இவங்களத்தான் கேட்டு வந்தேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மற்றப் பெண்ணைக் கேட்கவில்லை என்ற மனத்தாங்கலாக்கும் என்று நினைத்து, "மத்தவங்களுக்கும் நல்ல எடமா அமையும்மா" என்று வாத்தியார் ஆறுதல் வேறு சொன்னார். குசினி வாசலில் கோப்பைகள் கிணுகிணுத்தன. தட்டோடு நின்ற அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. அன்று நான் அடைந்த சந்தோஷத்தை என் கலியாணத்தில்கூட அடையவில்லை.

தவக்காலத்துக்கு முன்பே கோயிலில் ஓலை வாசித்து, கலியாணமும் முடிந்தது. வெயில் படம் இன்றும் கெலிஓயா வீட்டின் முன்னறையில் தொங்குகிறது. மற்றப் படத்தை அத்தான் அன்றைக்கே திருப்பித் தந்துவிட்டார். தலை நரைத்த பிறகும் அக்கா இங்கே வரும்போதெல்லாம் என் அலுமாரியைத் திறந்து அதைப் பார்ப்பாள்.

"பாவம், இவளுக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா தம்பி?"