வலது பக்கச் சன்னல்

என் அக்கா வீட்டுக்காரர் பல்செட்டு செய்பவர். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அத்தான் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் முளைக்க வைப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கைவேலைதான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ரயில் பித்துப் பிடித்தது. ரயில் என்றால் விரல் நீளப் பெட்டிகள் கொண்ட மாதிரி ரயில். மாடியில் இரண்டு பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு புல்வெளியையே உண்டாக்கினார். மரம் இல்லை, மலை இல்லை, எங்கே பார்த்தாலும் புல். நடுவே ஒற்றைத் தண்டவாளம், அதன் ஓரம் ஒரு குட்டி ஸ்டேஷன், ஒரு தண்ணீர்த் தொட்டி. பல்செட்டு மாவுதான் நிலம். புல்லுக்குத்தான் படாத பாடு பட்டார். பழைய நைலான் கம்பளத்தைப் பிரித்து, நெல்லளவு நறுக்கி, காய்ந்த வைக்கோல் நிறத்தில் சாயம் ஏற்றினார். கொசு அடிக்கும் மட்டையைக் கழற்றி, அதன் வயரை டீ வடிகட்டியில் கட்டி, பசை தடவிய இடத்தின்மேல் ஆட்டுவார். மின்சாரம் பட்டதும் ஒவ்வொரு நாரும் விறைத்து எழுந்து நிற்கும். அக்காவுக்கு வடிகட்டியும் போயிற்று, கொசு மட்டையும் போயிற்று.

"பச்சை அடிக்கிறவன் புல்வெளியைப் பார்க்காதவன்" என்று மாதிரி ரயில் கிளப்பில் மற்றவர்களிடம் அளப்பார். "காத்து படுற பக்கம் வெளுத்துக் கிடக்கும். நான் பாத்திருக்கேன்ல?"

அவர் பார்த்ததே இல்லை. பார்த்தவர் அவருடைய அண்ணன்.

பெரியவர் அந்த மாதிரி ஒரு புல்வெளி ஸ்டேஷனில் பதினேழு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வண்டி, மற்ற நேரம் காற்று மட்டும்தான் துணை. மாதம் தவறாமல் தம்பிக்குக் கடிதம் போடுவார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் முடியும்: "ஒரு தடவை வந்துவிட்டுப் போ. காலை எட்டு நாற்பது வண்டியில் ஏறு. வலது பக்கச் சன்னலோரம் உட்கார். நான் நிற்பது தூரத்திலேயே தெரியும்."

அத்தான் போகவில்லை. ஒரு வருஷம் வேலை நெருக்கடி, ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் மழை, அதற்கப்புறம் வெயில். நொண்டிச் சாக்குக்கா பஞ்சம்? "அந்தப் பொட்டல்ல போயி என்னத்தப் பாக்குறது?" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பெரியவர் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். முழங்கால் தேய்ந்துபோனதால் கீழே வாசல் அறையில் இருந்தார். மாடிக்குப் பதினாறு படி, ஏற முடியாது. அந்த ஸ்டேஷனின் படம் அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. நில அளவைக்கு வந்த யாரோ எடுத்துக் கொடுத்த ஸ்லைடு, அட்டைச் சட்டத்துக்குள் ஒரு சின்ன ஃபிலிம் துண்டு. "அண்ணே, அந்தப் படத்தக் குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார் அத்தான். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் ஸ்லைடைச் செருகியவன் நான். சுவரில் விழுந்த படத்தைப் பார்த்து அவர் அளவெடுத்து வரைந்தார். அதன்பின் பதினான்கு மாதம் மேலே வேலை நடந்தது. கீழே கட்டிலில் கிடந்த பெரியவர் கூரையைப் பார்த்து, "வண்டி ஓடுது போல" என்று அக்காவிடம் சொல்வாராம்.

கிளப்பில் கண்காட்சி வைத்தார்கள். நிஜமான இடத்தை அப்படியே அமைப்பவருக்குத் தனிப் பரிசு. மேசைமேல் வைக்கும் அட்டையில் அத்தான் எழுதினார்: "அண்ணனுடன் இரண்டு மாதம் தங்கி, நேரில் பார்த்து அமைத்தது."

"அத்தான், இது எதுக்கு?" என்றேன்.

"யாருக்குத் தெரியப் போவுது மச்சான்?"

அக்காவுக்கு இந்த அட்டை விஷயம் தெரியாது. நல்லது செய்வதாக நினைத்து, ஒரு கார் பிடித்து, பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள். அத்தானுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதைதான். அட்டையை எடுத்து மறைக்கலாம் என்றால், நடுவர் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஊன்றுகோலில் சாய்ந்து குனிந்தார். குட்டி வண்டி புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நம்ம ஊர்லேர்ந்து வர்ற வண்டியாடா?"

"ஆமாண்ணே."

பெரியவர் வண்டியையே பார்த்தார். ஸ்டேஷனைப் பார்த்தார். பிறகு வண்டியின் அந்தப் பக்கம், வெறும் புல் நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நடுவர் ஒரு பழைய இஞ்சின் டிரைவர். "நீங்கதான் அந்த ஸ்டேஷன் மாஸ்டரா? தம்பி உங்களோட வந்து தங்கியிருந்தாராமே?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் அட்டையை ஒரு தடவை படித்தார்.

"ஆமாங்க. ரெண்டு மாசம் இருந்தான்" என்றார். "காலைல வண்டி வந்தா பச்சைக் கொடியப் புடுங்கிக்கிட்டு இவன்தான் காட்டுவான். சாயங்காலம் ரெண்டு பேரும் தண்டவாளத்து மேலயே நடந்து ரொம்ப தூரம் போவோம். அந்தக் காத்துல இவனுக்கு ஒடம்பு நல்லாத் தேறிடுச்சு. கெளம்புறப்ப போக மனசே இல்ல."

பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பலமுறை நினைத்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

முதல் பரிசு அத்தானுக்குத்தான். மேடையேறிக் கோப்பையை வாங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

எல்லோரும் ஒரே காரில் திரும்பினோம். பாதி வழியில் பெரியவர்தான் வாய் திறந்தார். குரலில் கோபம் இல்லை.

"ஸ்டேஷன் எடது பக்கம் வந்துடுச்சுடா. பரவால்ல. வலது பக்கச் சன்னல்ல ஒக்காருன்னு எல்லா லெட்டர்லயும் எழுதியிருந்தேனே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பக்கம் பின்பக்கம் பார்க்காமல் ஸ்லைடைத் திருப்பிச் செருகியிருக்கிறேன்; சுவரில் படம் இடம் வலம் மாறி விழுந்திருக்கிறது. படத்தில் பெயர்ப் பலகையோ வேறு ஒரு எழுத்தோ விழுந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது என்று அப்போதே சொன்னேன். அத்தான் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே தலையை ஆட்டி மறுத்தார். இருநூறு கடிதங்களில் ஒன்றையாவது அவர் ஒழுங்காகப் படித்திருந்தால், சுவரில் படம் விழுந்த நிமிஷமே "மச்சான், திருப்பிப் போடு" என்று சொல்லியிருப்பார். வீடு வரும்வரை அவர் கழுத்து நிமிரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, கண்காட்சியிலிருந்து வந்த பலகைகள் இரண்டும் பதினாறு படி ஏறாமல், வாசல் அறையில் பெரியவர் கட்டிலை ஒட்டிக் கிடந்தன. கோப்பை பல்செட்டு அலமாரியில் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அத்தான் தரையில் உட்கார்ந்து, மாவு சுரண்டும் கத்தியால் ஸ்டேஷனைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானடா இருந்துச்சு, விடு" என்றார் பெரியவர்.

அத்தான் கத்தியைக் கீழே வைத்தார். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, காலைல அங்க வெயிலு எந்தப் பக்கத்துலேர்ந்து விழும்?"

எனக்குத் தெரிந்து, அந்த இடத்தைப் பற்றி அவர் தன் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பெரியவர் ஊன்றுகோலை ஊன்றிக் கட்டிலைவிட்டு எழுந்தார். நாற்காலியைப் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டு, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்தார்.

"எந்த மாசத்துல?" என்றார்.