மைக்செட்காரரும் என் மனைவியின் குரலும்

எழுபதுகளில் ஒரு கருட சேவையன்று, தறியை நிறுத்திவிட்டுச் சாமி பார்க்கப் போயிருந்தோம். கூட்டத்தில் எங்கள் சின்ன மகள் செல்வி காணாமல் போய்விட்டாள். நானும் மனைவியும் மைக்செட் பந்தலுக்கு ஓடினோம். அங்கே இருந்த ஒல்லியான மனிதர், காய்ச்சல் பார்ப்பதுபோல ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

"நீயே கூப்டும்மா" என்று மனைவியிடம் மைக்கை நீட்டினார்.

அவளுக்குக் கனத்த குரல். கூம்பு ஸ்பீக்கர் உறுமியதே தவிர, பேர் புரியவில்லை. அவர் பேஸ் குமிழைத் திருகிக் குறைத்து, சத்தத்தைக் கூட்டினார். குரல் மெலிந்து, கணீரென்று தெருக்கோடிவரை போனது.

"இது என் குரலே இல்லீங்களே" என்று மனைவி அழுதாள்.

"அடிச்சத்தத்தக் கொறச்சாத்தாம்மா பேரு தூரமா போவும். நிறுத்தாம கூப்டுக்கினே இரு."

கொஞ்ச நேரத்தில் ஒரு பலூன்காரர் செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைக்கில் கேட்ட பேரைத்தான் அவளும் சொன்னாளாம்.

"அம்மா கூப்ட்டது கேக்கலியா கண்ணு?" என்றேன்.

"அது அம்மா இல்ல. வேற யாரோ."

நாங்கள் சிரித்துவிட்டோம். மைக்செட்காரர் சிரிக்கவில்லை. பேஸைப் பழையபடி ஏற்றி, மறுபடியும் மைக்கை நீட்டினார்.

"இப்போ ஒரு தபா கூப்டும்மா."

கூம்பு உறுமியது. செல்வி அண்ணாந்து பார்த்து, "அம்மா!" என்றாள். அதன் பிறகுதான் அவர் பாட்டு போட்டார்.

குழந்தை கிடைத்த பின்னும் அது அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டதென்று இன்னும் யோசிக்கிறேன்.