பல் பட்ட மைக்

என்னிடம் இருக்கும் மைக்குகளில் ஒன்றின் வலையில் ஒரு பள்ளம் உண்டு. மச்சானின் பல் பட்ட பள்ளம். மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர்; காரைக்குடி சந்தையில் மூட்டை தூக்குகிறவர், கவிதை சொல்கிறவர். எட்டாவதோடு படிப்பை விட்டு மைக்செட் வேலைக்கு வந்த எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்துவிடுமோ, வயர் உரசித் தீப்பிடிக்குமோ, யாருக்காவது ஷாக் அடித்துவிடுமோ. பல வருசத்துக்கு முன் கண்டரமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில், மேடை ஏறுமுன் மச்சான் என் தோளில் கைவைத்து, "என்ன நடந்தாலும் கடைசி வரி வரைக்கும் மைக்க அமத்திராத மாப்ள" என்றபோதே வயரை எல்லாம் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உடம்பைப் பற்றிய கவிதை அது. எலும்பு, நரம்பு, வேர்வை நாற்றம் எல்லாவற்றையும் சாமியைப் புகழ்கிற மாதிரிப் புகழும். ஊர்ப் பெரியவரைப் பார்த்து, "காருல சாஞ்சு வாரீக அய்யா, உங்க விலாவுக்குள்ள துடிக்குது உசுரு" என்றார். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். அடுத்து, கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த சாக்கடை அள்ளுகிறவரைக் கைகாட்டி, "சாக்கடையில முங்கி வாரீக அய்யா, உங்க விலாவுக்குள்ளயும் அதே உசுரு" என்றார். எங்கள் பக்கத்தில் 'வாரீக' என்பது ஆள் பார்த்துக் கொடுக்கிற மரியாதை. அந்த மனிதரை அங்கே சின்னப் பிள்ளைகள்கூட 'வாடா' என்றுதான் கூப்பிடும்.

நாலு பேர் மேடையில் ஏறினார்கள். முதலில் வந்தவன் ஊர்ப் பெரியவரின் மகன். "எங்கப்பாவுக்கும் வாரீக, அவனுக்கும் வாரீகளாடா?" என்று மைக்கைப் பிடுங்கி மச்சான் வாயிலேயே குத்தினான். பல் உடைகிற சத்தம் அத்தனை குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. ஸ்டாண்டுக் கம்பியால் விலாவில் அடித்தார்கள். ஒவ்வொரு அடியும் தெருத்தெருவாகப் போய்த் திரும்பி வந்தது. ஆம்ப்ளிஃபயர் பொத்தானில்தான் என் கை இருந்தது. அமத்தவில்லை. மச்சான், கீழே கிடந்த மைக்கை நோக்கித் தவழ்ந்தார். ரத்தமும் எச்சிலுமாக அவர் சொன்ன கடைசி வரி அதுவரை கவிதையில் இருந்ததே இல்லை: "அடிக்க வந்தீக அய்யா... உங்களுக்கும் அதே உசுரு." அதற்கும் ஒரு மிதி விழுந்தது. சாக்கடை அள்ளுகிறவர்தான் பாய்ந்து ஏறி அவரைத் தோளில் தூக்கினார். தூக்கியவருக்கு மண்டை உடைந்தது.

போன மாசம் அதே ஊரிலிருந்து மைக்செட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை, கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார், பள்ளம் விழுந்த மைக்கை அவரே ஸ்டாண்டில் மாட்டினார். இப்போது ஊர்ப் பெரியவர் அந்த மகன்தான். "வேற நல்ல மைக் இல்லையாடா?" என்று என்னிடம் கேட்டவன் பள்ளத்தைப் பார்த்தான், அப்புறம் மச்சானைப் பார்த்தான். "இது நம்ம ரெண்டு பேரு மைக்கு அய்யா. பேசிப் பாக்குறீகளா?" என்றார் மச்சான், முன்பல் இல்லாத சிரிப்போடு. மறுபடி அடி விழுமோ என்று பயந்து சத்தத்தைக் குறைக்கப் போனேன். பதற்றத்தில் மாற்றி முழுக்கத் திருகிவிட்டேன். அவன் வாயைக் கிட்டக் கொண்டுபோனான். பள்ளத்தில் மோதிய அவன் மூச்சு மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது.