தோற்ற டீமைச் சேர்க்காத சீனியண்ணன்

சீனியண்ணே, கேட்டீர்களா? உங்கள் பெயரில் கோப்பை வைக்கப் போகிறார்களாம். வேறு யார், உங்களைச் செயலாளர் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்ட அதே கம்பம் கிளப்புக்காரர்கள்தான். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வருவார்களாம். எல்லார் முன்னாலும் நான் சரி என்று சொல்ல வேண்டுமாம். உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் சம்மதம் கேட்கிறார்கள். நீங்கள் இருந்தபோது உங்களிடம் எதற்குமே சம்மதம் கேட்காத மனுசர்கள்.

நான் பேச்சியம்மாள், மூன்றாம் வகுப்போடு நின்றவள். சுமை தூக்குவோர் சங்கத்தார் காரியத்தன்று கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறார்கள். அண்ணனைத் தெரிந்தவர்களும் வருவார்கள், தெரியாதவர்களும் வருவார்கள், எழுதித் தாருங்கள் அக்கா என்றார்கள். எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். மரியாதை குறைந்திருந்தால் அது அண்ணனுக்கு அல்ல.

செய்தி வந்தபோது நான் சின்னமனூர் மார்க்கெட்டில் வாழையிலை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கம்பத்திலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு கண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார்.

"அக்கா, கையில இருக்கிறத வச்சுட்டு வாங்க."

"ஏன் தம்பி?"

"சீனியண்ணன் ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டாக."

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாகளா?"

"போனாக. நீங்க வாங்க."

எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி அவரே என்னை ஏற்றிவிட்டார். அந்த வண்டியில் என்னிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. உத்தமபாளையம் தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் கம்பத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க். எந்த மூட்டை எந்த லாரியில் எந்த ஊருக்கு என்று எழுதுவதுதான் வேலை. குமுளியிலிருந்து மலை இறங்கி வரும் டிரைவர்கள் மலையாளப் பத்திரிகையைக் கொண்டுவந்து போடுவார்கள். அதில் கால்பந்துச் செய்தி ஒரு பக்கம் நிறைய இருக்கும். அதைப் படிப்பதற்காகவே அண்ணன் அந்த டிரைவர்களிடம் மலையாளம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். ஊரில் ஆளாளுக்கு நிலம் பார்த்தார்கள், பெண் பார்த்தார்கள். இவர் இத்தாலியில் யார் முதலாவதாக வந்தான் என்று பார்த்தார்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் நான் அடுப்படியில் நிற்க, அண்ணன் வாசல்படியில் பேப்பரோடு உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்துவார். நான் கேட்கிறேனா இல்லையா என்ற கவலையே அவருக்குக் கிடையாது.

"ஏத்தா பேச்சி, ஐரோப்பாவுல பெரிய கப்பு ஒண்ணு இருக்கு. அதுல சும்மா போயி நிக்க முடியாது. ஒவ்வொரு நாட்டுலயும் வருசம் பூரா லீக்கு நடக்கும். எல்லா டீமும் எல்லா டீமு கூடயும் ரெண்டு தடவ ஆடணும். ஒண்ணு நம்ம ஊர்ல, ஒண்ணு அவுக ஊர்ல. கடைசில மொதல்ல நிக்கிற ஒரே ஒரு டீமுதான் அடுத்த வருசம் அந்தக் கப்புக்குப் போகும்."

"ரெண்டாவதா வந்தா?"

"அதுக்குக் கீழ வேற கப்பு இருக்கு. நாட்டுக்குள்ள தோத்தா வெளியேன்னு ஆடுற போட்டில ஜெயிச்சவனுக்கு இன்னொரு கப்பு. பெரிய கப்புக்கு நாட்டுக்கு ஒருத்தன்தான். போன வருசம் அதே கப்ப ஜெயிச்சவன் மட்டும் தனியா நேரா வரலாம்."

"அங்கனயும் பெரிய மனுசங்க இருப்பாகள்ல? அவுக டீம் தோத்துட்டா?"

"ஊட்ல உக்காந்து ரேடியோ கேக்க வேண்டியதுதான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கோபம்தான் வந்தது. "குழம்புக்குப் புளி இல்ல, எந்திரிச்சுப் போயி வாங்கிட்டு வாங்க. ரேடியோ கேக்கிறவுக கேக்கட்டும்" என்று விரட்டினேன்.

அப்போது நம் பக்கத்து டோர்ணமெண்ட் எப்படி நடந்தது தெரியுமா? கிளப்புத் தலைவர் கோப்பை வாங்கிக் கொடுப்பார். தனக்குப் பிடித்த டீம்களைக் கூப்பிடுவார். மச்சினன் ஊர் டீம், சம்பந்தி ஊர் டீம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி வைப்பார். வந்தவர்கள் ஆடுவார்கள், தலைவரின் டீம் ஜெயிக்கும். அண்ணன் எழுத்து வேலைக்கு ஆகும் என்று அவரைச் செயலாளராக வைத்திருந்தார்கள். அவர் எழுதுவார், அவர்கள் பேசுவார்கள்.

அண்ணன் மூன்று மாதம் விடாமல் பேசி முறையை மாற்றினார். ஊருக்கு ஊர் முதலில் தெரு டீம்கள் தங்களுக்குள் ஆட வேண்டும். கூடலூரில் ஜெயித்த டீம், கம்பத்தில் ஜெயித்த டீம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி. ஊருக்கு ஒன்று. போன வருசம் ஜெயித்தது மட்டும் நேராக வரலாம். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். தலைவருக்கு இது விளங்கவில்லை. நிறைய ஊர் வந்தால் நிறையக் கூட்டம் வரும், நிறையக் கூட்டம் வந்தால் தன் பேச்சை நிறையப் பேர் கேட்பார்கள் என்று மட்டும் விளங்கியது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

முதல் வருசம் நன்றாகவே நடந்தது. கம்பத்தில் கிளப்பு டீமே ஜெயித்ததால் அவர்களுக்கு முறை நல்ல முறையாகத் தெரிந்தது.

இரண்டாவது வருசம் நடந்தது அண்ணனுக்கே வலித்தது. அவருடைய ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து ஒரு டீம் கட்டியிருந்தார்கள். மொக்கையன் அதற்குக் கேப்டன். வெறுங்காலில் ஆடுவார்கள். அண்ணனுக்கு உயிர் அந்த டீம்மேல்தான். ஊர்ப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஒரே கோலில் கிளப்பு டீமிடம் தோற்றார்கள். அந்தச் சமயம் தேனியிலிருந்து டீம் வர முடியாது என்று ஆள் வந்து சொன்னார். ஓர் இடம் காலி. மொக்கையன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, எடம் சும்மாதான கெடக்கு. எங்களப் போடுங்கண்ணே."

"கெடந்தாக் கெடக்கட்டும்டா. தேனில ஜெயிச்சவனுக்கு உள்ள எடம் அது. நீ கம்பத்துல தோத்தவன்."

"ஒத்தக் கோலு!"

"ஒத்தக் கோலும் தோல்விதான்."

மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "நீங்க நம்மாளுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து மாதம் அண்ணனிடம் மூட்டைக் கணக்குத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. "அவங்களச் சேத்தா என்ன கொறஞ்சு போயிரும்?" என்று நான் கத்தினேன். "நாளைக்குத் தலைவர் வந்து கேப்பாரு தாயி. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

அவர் சொன்னது அடுத்த வருசமே நடந்தது. மொக்கையன் டீம் கம்பத்தில் எல்லாரையும் தோற்கடித்தது. கிளப்பு டீமை மூன்று கோலில். போன வருசக் கோப்பையைப் போடிக்காரர்கள் ஜெயித்திருந்ததால் கிளப்புக்கு அந்த வழியும் கிடையாது. கமிட்டி கூடியது. டீ கொடுக்கும் அம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு நான் போயிருந்தேன். அதனால் என் காதால் கேட்டேன்.

தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சீனி, நம்ம கோயில் திருவிழாவுல மொத மரியாதை யாருக்கு?"

"உங்க குடும்பத்துக்குங்கய்யா."

"அதுக்கு யாரும் போட்டி வச்சாகளா? ஓடி ஜெயிச்சா வாங்குறோம்? பரம்பரையா வருது. கம்பத்துப் பேரச் சொல்லி ஒரு டீம் எறங்குதுன்னா அதுவும் அப்பிடித்தான். மூட்டை தூக்குறவன் எப்பிடி ஊருக்கு முன்னால நிப்பான்?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். படித்தவர்கள். வேட்டியில் மடிப்புக் கலையாதவர்கள். ஆட்டத்துக்கும் ஆரத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை அவர்களுக்கு.

அண்ணன் எழுந்து நின்றார். "பரிவட்டம் கட்டிக்கிட்டுப் பந்து வெளையாட முடியாதுங்கய்யா" என்றார்.

அந்த ஒரு வரியோடு அவருடைய செயலாளர் வேலை முடிந்தது. நோட்டை வாங்கி, மொக்கையன் டீமின் பெயரை அடித்துவிட்டு, கிளப்பு டீமை எழுதிக்கொண்டார்கள்.

ஆட்டத்தன்று அண்ணன் மைதானத்துக்குள் போகவில்லை. வெளியே ரோட்டோரம் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொரு டீமிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னார். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. உத்தமபாளையத்துக் கேப்டன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, கேட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் எங்களவிடப் பெரிய ஆளுக டீமு இருக்குண்ணே. அவுகளத் தோக்கடிச்சுட்டுத்தான் இங்கன வந்து நிக்கிறோம். இவுக யாரத் தோக்கடிச்சாக?" என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். கூடலூர் திரும்பியது. சின்னமனூர் திரும்பியது. தேனியும் போடியும் ஒரே பஸ்ஸில் ஏறின.

உள்ளே என்ன நடந்தது என்பதை நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம். பூட்ஸ் போட்ட பதினொரு பேர் மைதானத்தில் தனியாக நின்றார்கள். ரெப்ரி விசில் ஊதினார். காலிக் கோலுக்குள் பந்தை உதைத்தார்கள். தலைவர் மாலை போட்டுத் தன் கோப்பையைத் தன் மகன் கையில் கொடுத்தார். மேளம் வைத்து ஊர்வலம் வேறு. கடைத்தெருவில் ஒரு கிழவி, "யாரடா ஜெயிச்சீக?" என்று கேட்டாளாம். மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு பழையபடி பத்திரிகை வைத்துக் கூப்பிடும் டோர்ணமெண்ட்தான். பதினைந்து வருசத்துக்கு மேல், சாகிறவரை, அண்ணன் அந்த மைதானத்தில் கால் வைக்கவில்லை. ஆனால் பேப்பரை விடவில்லை. எனக்குக் கல்யாணமாகிச் சின்னமனூர் வந்த பிறகும், வருகிறபோதெல்லாம் சட்டைப் பையில் ஒரு துண்டுப் பேப்பர் இருக்கும். "ஸ்பெயின்ல பாரு தாயி, இருக்கிறதுலயே பெரிய டீமு ரெண்டாவதா வந்துட்டான். பெரிய கப்பு கெடையாது" என்பார்.

"எவனோ வெளிய போனா உங்களுக்கு ஏன் இம்புட்டுச் சந்தோசம்?"

"எம்புட்டுப் பெரிய ஆளு, வெளிய போறான் பாரு. போறான்ல? அதான்."

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தபோது, பஸ்ஸுக்கு நிற்கையில் திடீரென்று, "அந்தக் காலி எடத்துல மொக்கையன வுட்டுருக்கலாமோ" என்றார். ஏன் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

சாவுக்குக் கிளப்புக்காரர்கள் காரில் வந்தார்கள். பழைய தலைவர் போய்ச் சேர்ந்து, இப்போது மகன் தலைவர். காலிக் கோலுக்குள் பந்தை உதைத்தாரே, அவர்தான். ஆள் உயர மாலை. "எங்கள் கிளப்பின் தூண்" என்று பேசினார். தூணைப் பிடுங்கிப் போட்டவர்கள் அவர்கள்தான் என்று அங்கே நின்ற நாய்க்கும் தெரியும். தூக்குகிற நேரத்தில் தலைவர் தானும் தோள் கொடுக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். மொக்கையன், தலையெல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு, பாடையில் தோள் கொடுத்தபடியே, "மொதலாளி, இது சுமை. பழக்கமில்லாதவுக பின்னால வாங்க" என்றார். சாவு வீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் தலைவர் வீட்டுக்கு வந்தார். சீனிச்சாமி நினைவுக் கோப்பை என்றார்.

"எந்தெந்த டீம் ஆடும்?" என்று கேட்டேன்.

"நாங்க கூப்பிடுற டீம்தாம்மா."

"ஊருக்குள்ள ஆடி ஜெயிச்சுட்டு வருவாகளா?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? பேருக்குச் சரின்னா போதும்."

மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு விளங்குவது இவருக்கு இரண்டு தலைமுறையாக விளங்கவில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்துகொண்டே, "இந்த வருசம் சுமைக்காரங்க டீமையும் சேத்திருக்கோம். மொக்கையன் மகன்தான் கேப்டன். நீங்க பேரு தரலைன்னா இந்தக் கோப்பை இல்ல, அவங்களுக்கு எடமும் இல்ல, அவ்வளவுதான்" என்றார். போகிறபோது படியில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், மரியாதையாக.

மறுநாள் மொக்கையன் வந்தார். "சரின்னு சொல்லுங்கக்கா" என்றார். "அண்ணன் இருந்தாச் சம்மதிப்பாகளா?" என்று கேட்டேன். "எம்மகன் ஒரு தடவையாச்சும் அந்த மைதானத்துல எறங்கிப் பாக்கணும்க்கா" என்றார்.

சீனியண்ணே, அந்தப் பயல்கள் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் லாரி நிற்கும் பொட்டலில் ஆடிப் பழகுகிறார்கள். போய்ப் பார்த்தேன். யாரையும் அவர்கள் தோற்கடிக்கவில்லை, யாரிடமும் தோற்கவும் இல்லை. அவர்களை யாரும் ஆடவிட்டதே இல்லை. கிளப்புக்காரனுக்கு நான் பயப்படவில்லை. அவன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அதைச் சொன்னால் இந்தப் பயல்கள் வெளியே நிற்பார்கள். சரி என்று சொன்னால் ஜெயிக்காமல் உள்ளே வருவார்கள், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே.

போய் வாருங்கள் அண்ணே. நன்றாக இருந்தீர்கள், நேராக இருந்தீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு பஸ்ஸில் ஏறினபோது, மொக்கையனை விட்டிருக்கலாம் என்றா நினைத்தீர்கள், விட்டிருக்கக் கூடாது என்றா?