காலில் ஏறிப் படுக்கும் நாய்

நான் பழக்கிய நாய் ஒரு உயிரைக் காப்பாற்றியது.

பொய். டீக்கடையில் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நாய் இதுவரை காப்பாற்றியது என் சட்டைப் பையில் இருந்த பொறை பிஸ்கட்டை மட்டும்தான். அதுவும் தன் வயிற்றுக்குள் வைத்து, பத்திரமாக.

எனக்குத் தொழில் பந்தல் போடுவது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே நாற்காலிதான், மேலே போடும் துணி மட்டும் மாறும். பள்ளிக்கூடம் மூன்றாவது வரை போனேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. என் மனைவி வீட்டிலேயே ராட்டை வைத்து, தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். ராட்டைச் சத்தம் கேட்டால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நின்றால் இல்லை. முதலில் அவள் கை நிற்கும், அப்புறம் நடுங்கும், அப்புறம் எழுந்து செருப்பில்லாமல் போய்விடுவாள். முதல் தடவை, ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் நின்றுகொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் எனக்கு மனைவி மிச்சம்.

"யாரோ கூப்ட்டாங்கபா" என்றாள்.

"யாரு?"

"தெரில. என் பேரைச் சொல்லித்தான் கூப்ட்டாங்க."

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, மாத்திரையை நிறுத்தாதே, ஆளைத் தனியாக விடாதே என்றார். மாத்திரை சரி. தனியாக விடாமல் இருக்க வேண்டுமானால் நான் பந்தலில் ஏறக் கூடாது. ஏறாவிட்டால் மாத்திரை ஏது, சோறு ஏது?

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாடோ, ஒரு அம்மாள் நடுங்க ஆரம்பித்ததும் அவள் நாய் ஓடிவந்து காலில் ஏறிப் படுக்கிறது. அந்தக் கனம் பட்டுப் பட்டு அவளுக்கு நடுக்கம் அடங்குகிறது. யார் யாரையோ கேட்டு, சென்னையில் இப்படி நாய் பழக்கும் ஒரு அம்மாவின் நம்பரைப் பிடித்தேன்.

"தெரு நாயா? சாந்தமான நாயா இருந்தா முயற்சி பண்ணலாம்ங்க" என்றார். "ஆனா ஒண்ணு. யாருக்குத் துணையோ அவங்க கையாலதான் தீனி போடணும். அவங்களோடதான் பழக்கணும்."

"ஆவட்டும்மா" என்றேன். ஆகவில்லை.

எங்கள் தெருவில் காது கிழிந்த செவலை நாய் ஒன்று இருந்தது. என்னை மாதிரியே வேலை வெட்டி இல்லாத முகம். வீட்டுக்குள் கூட்டி வந்தேன். பேர் வைக்கவில்லை, வைத்தால் ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்லும். மனைவியிடம் பொறையை நீட்டி, "நீயே போடும்மா" என்றேன்.

"எனக்கு மனுசனே வேணாம்னு இருக்குது. இதுல நாய் வேறயா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, அவள் இல்லாவிட்டால் அவள் மாதிரி ஒரு ஆள் போதுமே என்று என் மூளை சொன்னது. மூன்றாவது வரை படித்த மூளை. அவள் புடவையைச் சுற்றிக்கொண்டு ராட்டை முன்னால் உட்கார்ந்தேன். சுற்றுவேன், நிறுத்துவேன், கையை நடுங்கவிடுவேன். நாய் வந்து காலில் ஏறிப் படுத்தால் பொறை.

எதிர் வீட்டுப் பெண் வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாண்ணே, மாசமா இருக்கியா? வளைகாப்பு எப்போ?"

"பந்தல் நம்மளுதுமா, நீ வளையல் மட்டும் வாங்கினு வா."

பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் என் மனைவி சிரிக்கிறாள். "கொசுவத்தைப் பின்னாடி சொருவிக்கினு உக்காந்துக்கினு இருக்கான் பாரு" என்றாள். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. அது இன்னொரு தடவை வருமா என்று பார்க்கத்தான் அப்புறமும் தினம் தினம் புடவை கட்டினேன். வரவில்லை. நாய் மட்டும் தேறிவிட்டது. ராட்டை நின்று கை நடுங்கினால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராட்டை நின்றது. பார்த்தேன், அவள் கை நடுங்கியது. அதைப் பார்த்து என் கையும் நடுங்கியது. நாய் எழுந்தது. அவளைத் தாண்டி வந்தது. நேராக என் காலில் ஏறிப் படுத்து, முழுக் கனத்தையும் அழுத்தியது.

அவள் எழுந்துபோய், வாசலில் நின்று நாயையும் என்னையும் பார்த்தாள். "அதுக்குத் தெரியுதுபா, யாருக்கு நோவுன்னு" என்றாள். போய்விட்டாள்.

நாய் அழுத்தியதால் எழுந்திருக்க முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பொய். பத்துப் பதினைந்து கிலோ நாய், தள்ளினால் போகும். காலில் அந்தச் சூடு நன்றாக இருந்தது. என்னை யாரும் அப்படி அழுத்திப் பிடித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, அவள் பாதம் இரண்டும் ஆற்று மணலில் வெந்து கொப்பளம் கட்டிவிட்டன.

சென்னை அம்மாவுக்குப் போன் போட்டு, நாய் தப்பாகக் கற்றுக்கொண்டது என்றேன்.

"இல்லங்க. அது சரியாத்தான் கத்துக்குச்சு. நீங்க வேற ஆளைக் காட்டிட்டீங்க" என்றார். "மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவங்களோட."

அவளோடா? தினமும் காலையில் அவள் பக்கத்தில் ஒரு பொறையை வைக்கிறேன். சாயங்காலம் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. மாத்திரையைக்கூட நாக்குக்கடியில் ஒளித்துவைக்கிறாள். ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இன்று பேனாவையே எடுத்தேன். அவளாகவே பொறையைக் கையில் எடுத்து, நாயைப் பார்த்து ஏதோ—

"அண்ணே! இன்னாண்ணே பண்ற உள்ள? அண்ணி செருப்பில்லாம போய்க்கினு இருக்குது, எவ்ளோ கூப்ட்டும் திரும்பிக்கூடப் பாக்கல!"

எதிர் வீட்டுப் பெண்ணின் குரல். ராட்டை எப்போது நின்றது? எழுதுகிற ஜோரில் நான் கவனிக்கவில்லை. நாய் கவனித்திருக்கிறது. எப்போதோ வந்து என் காலில் ஏறிப் படுத்திருக்கிறது.

"வரேன்மா, தோ வரேன்! எந்திரி நாயே, எந்திரி."