பால்குடம் வீட்டிலேயே இருந்தது

என் மகள் யாழினிக்கு மூன்று முறை முழங்கால் போனது. மூன்று முறையும் முருகனிடம் நான் ஒரே விண்ணப்பத்தைத்தான் வைத்தேன். இரண்டு முறை கொடுத்தான். மூன்றாவது முறை கொடுக்கவில்லை. கொடுக்காததற்காக அவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். சஷ்டிக்குச் சஷ்டி நம் வீடுகளில் கூடிப் பாடுகிற நீங்களெல்லாம், "அண்ணா, நீங்க மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கறீங்களே" என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறீர்கள். வாய் திறந்து திறந்தே கெட்டவன் நான். அதனால்தான் இத்தனை நாள் பேசவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கடல் தாண்டி இந்தப் பிளசன்டனுக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. நான் சாஃப்ட்வேர். மனைவி மேகலா சான் ரமோனில் பார்மசிஸ்ட். யாழினி ஒரே பிள்ளை, இங்கேயே பிறந்தவள். அவளுக்கு ஏழு வயதில் ஆபீஸ் ஆட்களோடு டாஹோ மலைக்குப் போனோம். நான் பனியில் கால் வைத்த உடனே மல்லாக்க விழுந்தேன். இவள் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அதையே செய்தவள் போலக் கீழே இறங்கிப் போனாள். அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் என்னிடம் வந்து, இந்தப் பெண்ணை ரேஸில் விடுங்கள் என்றார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பனியையே பார்க்காத வம்சத்தில் ஒரு பிள்ளை பனிமலையில் ரேஸ் ஓடுகிறது! குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் கிளம்பி நாலு மணி நேரம் டிரைவ். அவள் கொடிக்கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவாள். நான் கீழே நின்று நொடிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீடியோ எடுத்து கோபி சொந்தக்காரர்கள் குரூப்பிலிருந்து பழைய ஆபீஸ் குரூப் வரை போடுவேன். பெரிய இவன் மாதிரி பேசித் திரிந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் இடது முழங்கால் போனது. விழும்போது ஸ்கீ கழன்று வரவில்லை, கால் மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே தசைநார் அறுந்துபோயிற்று. ஆபரேஷன், ஊன்றுகோல், ஒன்பது மாதம் பயிற்சி. 'முருகா, இவள் மறுபடியும் ரேஸ் ஓடணும், பழனிக்கு வந்து மொட்டை போடறேன்' என்று வேண்டினேன். ஓடினாள். போய் மொட்டை போட்டேன். பதினொன்றாம் வகுப்பில் அதே கால், அதே இடம். மறுபடியும் கத்தி. 'முருகா, இவள் மறுபடியும் ஓடணும், தைப்பூசத்துக்கு நடந்தே வர்றேன்' என்றேன். ஓடினாள். சான் ரமோனிலிருந்து இங்கே இருக்கிற முருகன் கோயில் வரைக்கும் நடந்தேன். உள்ளங்கால் கொப்புளத்தை போட்டோ எடுத்து அதையும் குரூப்பில் போட்டேன். வெட்கம் கெட்டவன்.

அந்த இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அப்பா, வாட் இஃப் ஐ டோன்ட் கோ பேக்?"

மறுபடி ரேஸுக்கே போகாவிட்டால் என்ன என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது அம்மிணி. முருகன் இருக்கான்ல?"

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. முருகன் பெயரைச் சொல்லி என் பிள்ளையின் வாயை அடைத்தேன். அன்றைக்கு அது எனக்கு பக்தியாகத் தெரிந்தது.

பள்ளி முடித்து, காலேஜில் சேராமல் ஒரு வருஷத்தை ரேஸுக்காகவே ஒதுக்கினாள். ஒரு காலேஜ் டீமில் இடம் தருகிறோம் என்றிருந்தார்கள். அந்த ஜனவரியில் வலது முழங்கால் போனது. மலையிலிருந்து படகு மாதிரி ஒரு சறுக்குவண்டியில் அவளைக் கட்டி இழுத்து வந்தார்கள். நான் பக்கத்தில் ஓடி, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன். அவள் அழவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேகலா அன்று காரில் என் பக்கத்தில் உட்காராமல், பின் சீட்டில் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. 'முருகா, இதோடு ஒரே ஒரு தடவை. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இவள் டீமில் சேரணும். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்.' மார்ச்சில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். பதினோராவது நாள் பங்குனி உத்திரம்.

மேகலாவுக்கு அன்று டியூட்டி. கிளம்பும்போது, "பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போகணுமாங்க? அடுத்த வாரம் எடுத்துக்கலாமே" என்றாள்.

"சாமி காரியத்தைத் தள்ளிப் போடறதா? அவ என்ன கைக்குழந்தையா?" என்று எரிந்து விழுந்தேன்.

குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, பித்தளைச் சொம்பில் பாலை ஊற்றி, அதன் வாயில் மஞ்சள் துணி கட்டி வைத்தேன். யாழினி ரூமில் படுத்திருந்தாள். கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்றபடியே கேட்டேன்.

"கால் எப்படி இருக்கு அம்மிணி?"

"பரவாயில்லப்பா."

எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவளாகச் சொல்கிற தமிழ் வார்த்தை இது ஒன்றுதான். அதுவும் கால் பற்றிக் கேட்டால் மட்டும். முதல் ஆபரேஷனிலிருந்து, எத்தனை தடவை கேட்டாலும், "பரவாயில்லப்பா". பிள்ளை நல்லாயிருக்கேன் என்று தமிழிலேயே சொல்கிறதே என்று அதிலும் எனக்குப் பெருமை. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

ஃப்ரீவேயில் இருபது நிமிஷம் போனபிறகு பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். தேங்காய், பழம், பூ எல்லாம் இருக்கிறது. பால்குடம் இல்லை. கிச்சன் மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்! பால்குடம் எடுக்கப் போகிறவன் பால்குடத்தை மறப்பானா? இத்தனை வருஷத்தில் ஒரு பூஜைக்குக் கற்பூரம்கூட மறந்ததில்லை நான். ஸ்டியரிங்கைக் குத்தினேன். என்னைத் திட்டினேன், காலையில் பேச்சுக் கொடுத்த மேகலாவைத் திட்டினேன், வாய்விட்டு முருகனையும் திட்டினேன். "ஏன்டாப்பா, உனக்குச் செய்ய வர்றவனை இப்படியா அலைய விடுவே?" அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் யாழினி ஹாலில் தரையில் கிடக்கிறாள். ஊன்றுகோல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உதடு நீலமாக இருக்கிறது. மூச்சை இழுக்கிறாள், வரமாட்டேன் என்கிறது. போன் அவள் ரூமிலேயே இருந்தது. தண்ணீர் எடுக்க எழுந்து வந்திருக்கிறாள்.

911க்கு எப்படிக் கூப்பிட்டேன், என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கால் கட்டைப் பிரித்தபோது பார்த்தேன். கெண்டைக்கால் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. ஆபரேஷன் செய்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று பிறகு டாக்டர் விளக்கினார். அவர் என்னைப் பார்த்து, எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்பினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தால் எத்தனை மணி ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அன்றைய கூட்டத்தில் மதியம் மூன்று மணிக்கு முன்னால் வந்திருக்க மாட்டேன்.

ஐசியு வாசலில் மஞ்சள் வேட்டியோடும் மேலே பனிமலை ஜாக்கெட்டோடும் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். கண்ணை மூடி, 'முருகா' என்றேன். பழக்க தோஷம், வாய் தானாக அடுத்ததைச் சொல்லிற்று: 'இவள் மறுபடியும் ஓடணும்...'

ஐயோ, என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். மேகலா வந்து கையைப் பிடித்தாள். உள்ளே பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறாள், இந்த வாய்க்கு இன்னும் ரேஸ் கேட்கிறது! அப்புறம் விழுந்து அழுதேன். 'முருகா, இவள் ஓட வேண்டாம். நடக்காவிட்டாலும் நான் தூக்கிக்கொண்டு போகிறேன். உயிரை மட்டும் காப்பாற்றிக் கொடு. இனி இவளுக்கு என்ன வேண்டும் என்று நான் முடிவு பண்ண மாட்டேன்.' பதிலுக்கு மொட்டை, நடை, காவடி என்று எதையும் சொல்லவில்லை. பேரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் நர்ஸ் வந்து, மருந்து வேலை செய்கிறது, ஆக்ஸிஜன் ஏறுகிறது என்றாள். மேகலா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் யாழினி பேசினாள். கெண்டைக்கால் எப்போதிலிருந்து வலித்தது என்று டாக்டர் கேட்டார். நாலு நாளாக என்றாள். டாக்டர் போனதும் கேட்டேன்.

"தினமும் கேட்டேனே அம்மிணி. பரவாயில்லன்னுதானே சொன்னே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை முகத்தில்.

"ஐ செட் பரவாயில்ல. ஐ நெவர் செட் ஐ வாஸ் ஓகே, அப்பா."

பரவாயில்லை என்றுதான் சொன்னாளாம், நல்லாயிருக்கேன் என்று சொல்லவே இல்லையாம். எனக்குப் புரியவில்லை. அவளே மெதுவாக, இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னாள். அம்மா தட்டில் போட்டுவிட்டு, "உப்பு கம்மியாயிடுச்சுங்க" என்றால் நான் "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவேனாம். மழையில் நனைந்து வந்தால் "பரவாயில்ல". அவள் என் காலை மிதித்துவிட்டால் "பரவாயில்ல". நன்றாக இல்லாத எதையோ சத்தம் போடாமல் முழுங்கும்போது தமிழில் சொல்கிற வார்த்தை அது என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருக்கிறாள். நாலு வருஷமாக என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வலிக்கிறது, ஆனால் நீங்கள் ஆசைப்படுகிறீர்கள், முழுங்கிக்கொள்கிறேன் என்று.

அந்த வார்த்தைக்குத் தப்பான அர்த்தம் என்று எப்படிச் சொல்வேன்? நான் சொல்லிக் கொடுத்த தமிழ்தான்.

"பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே சாமி" என்றேன். அதற்கும் ஒன்று சொன்னாள். மலை அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம். காலையில் யாரும் கால் வைக்காத பனியில் இறங்குவது அவ்வளவு பிடிக்குமாம். நொடிக் கணக்குதான் பிடிக்காதாம். அது உங்களுக்குப் பிடித்தது என்றாள். இப்போது அந்தக் கால்களால் மலையும் முடியாது. சும்மா ஆசைக்குக்கூட ஸ்கீ மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வேண்டி வேண்டி வாங்கிய ஓட்டங்கள் அவளுக்குப் பிடித்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. இதற்கு எந்தக் கோயிலில் என்ன செய்தாலும் ஈடாகாது. ஸ்கீ இரண்டும் இன்னும் கராஜில்தான் நிற்கின்றன. காரை உள்ளே விடும்போதெல்லாம் ஹெட்லைட் அதன்மேல் விழுகிறது. எடுத்துவிடு என்று மேகலா சொல்கிறாள். நான் எடுக்கவில்லை.

இப்போது யாழினி இரண்டு மணி நேர தூரத்தில் காலேஜில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் 'பரவாயில்லை' கிடையாது. உப்பு கம்மி என்றால் நானே எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வருகிறேன்.

பாக்கி இருந்த பால்குடத்தை இந்த வருஷம்தான் எடுத்தேன். "நானும் வரேன்" என்றாள் யாழினி, தமிழில். கோயிலுக்கு ஒரு மைல் முன்னாலேயே காரை நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து நடந்தோம். சொம்பு என் தலையில். பாதி வழியில் அவள் என் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள்.

"வலிக்குதுப்பா."

இருபது வருஷத்தில் முதல் முறை. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் முருகன் அன்றைக்கு என்னைக் கோயில் பாதையிலிருந்து திருப்பி அனுப்பினான் என்று தோன்றிற்று. பால்குடத்தைக் கீழே வைக்கக் கூடாது என்பார்கள். நான் அதை ஒரு வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு, நடைபாதையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். வேலும் மயிலும் சொல்லிக்கொண்டு கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. எல்லாரும் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது அபிஷேகம் முடிந்து அலங்காரமே ஆகியிருந்தது. "பரவாயில்ல, கொடுங்கோ, வேலுக்கு விட்டுடறேன்" என்றார் குருக்கள். யாழினி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லேட்டானது தப்புதானுங்க சாமி" என்றேன்.

முருகன் கேட்டதைக் கொடுக்கிறவன்தான், சந்தேகமே வேண்டாம். கேட்கிறவன் குருடனாக இருந்தால் பால்குடத்தை மறக்கடித்தாவது வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவன். நம்பிக் கேளுங்கள். ஆனால் பிள்ளைக்காகக் கேட்பதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதையும் என்னைப்போலச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். "பரவாயில்லப்பா" என்று பதில் வந்தால், கோயிலுக்கு நேரமானாலும் ஆகட்டும், சாவியை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.