காத்தாடிக்குக் கீழே ஒரு வீடு

காற்றாலை ரிப்பேர்காரனுக்கு முதலில் வேண்டியது ஸ்பேனர் இல்லை, பொறுமை. எனக்கு அது கிடையாது. பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி. மொட்டைமாடியில் மூன்று சின்னக் காற்றாலைகள். அந்த மின்சாரத்தில்தான் படிக்கட்டு விளக்குகள் எரிகின்றன. ஊருக்கு உழைத்து ஏச்சு வாங்கும் என் இனத்தவர்களே, கேளுங்கள்.

மூணாம் நம்பர்

நம் ஆட்கள் இதைக் காத்தாடி என்பார்கள். வீட்டுக் கூரையில் சுற்றும் ஃபேனும் காத்தாடிதான். வந்தது வினை! காற்றுதான் இதைச் சுற்றுகிறது, இது காற்று விடாது என்று மூன்றாம் மாடி அண்ணன் ஒருவருக்குத் தொண்டை வற்ற விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரி தம்பி, மூணாம் நம்பர்ல வை லா, புழுக்கம் தாங்கல!"

சகல பாவமும்

டிவி தெளிவாக இல்லையா, காத்தாடி. பிள்ளைக்குக் காய்ச்சலா, காத்தாடி. பிடுங்கி எறி என்று படிக்குப் படி மறிக்கிறார்கள். இவர்கள் கால் தடுக்காமல் நடக்க வெயிலில் கருகுகிறவன் நான்! ஆத்திரம் வருமா வராதா? ஒருவர் என் சட்டையையே பிடித்துவிட்டார்:

"முன்னெல்லாம் லாட்டரி நம்பர்ல ஆறுதல் பரிசாவது விழும். இத வச்சதிலேருந்து அதுவும் போச்சு!"

ஒரே நியாயம்

லெட்சுமி அக்கா வீடு மேல்மாடி, காற்றாலைக்கு நேர் கீழே. ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். அவர் படுக்கையறைச் சுவரில் காதை வைத்தேன். உறுமல் கான்கிரீட் வழியாக இறங்கி வந்தது. மெஷின் முன்னால் தூங்கி விழுந்து இரண்டு தடவை வார்னிங் வாங்கிவிட்டாராம். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அப்போதும் அவர் கத்தவில்லை.

"எடுக்கச் சொல்லல தம்பி. பகல்ல தூங்க விடுங்க, அவ்வளவுதான்."

முதலாளி

காற்றாலைக் கம்பத்துக்கு அடியில் கட்டி ரப்பர் வைத்தால் சத்தம் அடங்கும். கேட்டேன். என் கம்பெனி முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்பர் விழலன்னு ஒருத்தர் சொன்னாரே, இந்தப் புகாரையும் அதோட சேர்த்து வை லா!"

பிரேக்

நேரே மேலே போய், அக்கா வீட்டுக்கு மேலிருந்த காற்றாலைக்குப் பகலெல்லாம் பிரேக் போட்டேன். அக்கா தூங்கினார். ஆனால் பேட்டரி நிறையாமல் விடியுமுன்பே படிக்கட்டு விளக்குகள் அணைந்தன. பிடுங்கி எறியச் சொன்ன அத்தனை பேரும் அன்று சாயங்காலமே கீழே என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். காரணத்தைச் சொன்னேன். "ஒருத்தி தூக்கத்துக்காக நாங்க எல்லாரும் இருட்டுல நடக்கணுமா?" என்று எகிறினார் குடியிருப்புச் சங்கத் தலைவர். வேலைக்குக் கிளம்பி வந்த அக்கா காதில் அது விழுந்தது. பையைத் தோளில் சரிசெய்தபடி அவரைப் பார்த்தார்:

"விளக்கு அணைஞ்சப்புறம் அந்தப் படியில முதல்ல ஏறி வர்றது நான்தாண்ணே. நான் குறை சொன்னேனா?"

ரப்பர் வரும்வரை பகலில் பிரேக்தான் என்று நானும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே ரப்பர் வந்துவிட்டது ஐயா, ஒருத்தி தூங்காததற்காக இல்லை, படிக்கட்டு இருட்டாக இருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து முதலாளிக்குப் போன் போட்டதற்காக.